குடுவையில் முளைத்த வித்து

தாய்ச்செடி தன் மகவுக்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு பெரும்பாலான வித்துகளினுள் உண்டு. அவரை விதையை ஊறவைத்துப் பிளந்து பார்ப்போர், பருத்த இரண்டு பருப்புகளின் இடையே சிறியதொரு முளை ஒடுங்கிக் கிடத்தலைக் காண்பர். அப்பருப்புகளே அம்முளையின் முதலுணவு. நெல்லினுள் அரிசியென நாம் உண்ணும் பகுதியும் நெற்பயிரின் குழந்தைக்கென வைக்கப்பட்டதேயாம். தென்னையோ இவ்வகையில் பெருங்கொடையாளி. தேங்காயின் பருப்பையும் நீரையும் உண்டே தென்னம்பிள்ளை பல திங்கள் வளர்கின்றது. வேர் மண்ணைப் பற்றி, இலை வெயிலைக் காணும்வரை தாய் தந்த இவ்வுணவே இளமுளைக்கு உயிர்.

யாதொரு கட்டுச்சோறும் இன்றித் தன் மக்களை உலகிற்கு அனுப்பிவிடும் தாவரக் குடும்பம் ஒன்று உண்டு. அதுவே ஆர்க்கிடுக் குடும்பம். பூக்கும் தாவரங்களுள் மிகப் பெரிய குடும்பங்கள் இரண்டனுள் இஃது ஒன்று. இதன்கண் 25,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. குளிர்ந்த நாடுகளில் இவை பெரும்பாலும் நிலத்தில் முளைப்பன. வெப்ப நாடுகளின் மலைக்காடுகளில் பல இனங்கள் மரக்கிளைகளின்மேல் தொற்றி வாழ்வன. மரத்தின்மேல் இருத்தலால் இவற்றையும் புல்லுருவி என்பாருளர். அது பிழை. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும்; ஆர்க்கிடோ மரத்தை இருக்கையாக மட்டுமே கொண்டு, மழைநீரையும் பனியையும் தன் வேர்களால் ஏற்று, தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். குற்றமற்றவர்மேல் பழி சுமத்துதல் செடிகளின் உலகிலும் உண்டு போலும்!

ஆர்க்கிடு மலரைக் காணாதவரும் ஆர்க்கிடின் வித்தைக் கண்டிருத்தல் கூடும். வனிலா என்னும் மணப்பொருள் ஓர் ஆர்க்கிடுக் கொடியின் காயிலிருந்து கிடைப்பது. நல்ல வனிலாக் காயைக் கீறி இட்டுச் செய்த பனிக்குழைவில் மிகச் சிறிய கரும்புள்ளிகள் தோன்றும். அவை அனைத்தும் வித்துகளே. வனிலாவின் வித்தாவது கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகின்றது. மற்றப் பெரும்பாலான ஆர்க்கிடுகளின் வித்து, முற்றிய காய் வெடிக்குங்கால் மாவுப்புழுதிபோற் பறப்பது. ஒரு காயினுள் ஆயிரக்கணக்கில் வித்துகள் இருக்கும். சில இனங்களில் அவை இலக்கக் கணக்கையும் கடக்கும். அவ்வித்தினுள் இருப்பவை ஒரு மெல்லிய உறையும், வேர் இது, தண்டு இது எனப் பிரித்தறிய இயலாத சில உயிரணுக்களால் ஆகிய கருவுமே. முளைசூழ்தசை என்னும் உணவுப்பகுதி அதில் இல்லை. தாய் உணவு தரவில்லை. அதற்கு ஈடாகக் காற்றில் நெடுந்தொலைவு பறக்கும் எளிமையைத் தந்திருக்கிறாள்.

ஆர்க்கிடு மலர்கள் கருவுறும் வகைகளைப் பற்றி 1862-ஆம் ஆண்டில் நூல் எழுதிய டார்வின் என்னும் அறிஞர், இவ்வித்துகளை எண்ணிப் பார்க்கும் பொறுமையும் உடையவராயிருந்தார். இங்கிலாந்தில் வளரும், இலைகளிற் புள்ளியுடைய ஓர் ஆர்க்கிடின் ஒரு காயில் ஏறத்தாழ 6,200 வித்துகள் இருத்தலை அவர் கண்டார். முப்பது காய் காய்த்த ஒரு செடி 1,86,000-க்கும் மேற்பட்ட வித்துகளை ஈனும். அவை யாவும் முளைத்தால் ஓர் ஏக்கர் நிலம் நிறைந்துவிடும்; இவ்வாறே பெருகினால் அச்செடியின் கொள்ளுப்பேரர் நிலவுலகம் அனைத்தையும் ஏறக்குறைய ஒரே பசும்பாயாக மூடிவிடுவர் என்று அவர் கணக்கிட்டார். ஆயின் உலகம் அவ்வாறு மூடப்படவில்லை. அவ்வார்க்கிடு சில இடங்களில் அளவாகவே வளர்கின்றது. எஞ்சிய வித்துகள் என்னவாயின?

இவ்வினா அறிஞர்க்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வரிடையே ஆர்க்கிடு வளர்க்கும் ஆசை ஒரு வெறியாகவே மூண்டிருந்தது. புதிய இனம் ஒன்றிற்கு ஏலக்கூடங்களில் பெரும்பொருள் கொடுக்கப்பட்டது. வித்திலிருந்து வளர்க்கும் வழி அறியப்படாமையின், வேண்டிய செடிகள் அனைத்தும் காடுகளிலிருந்தே பெயர்த்தெடுக்கப்பட்டன. தென்னமெரிக்கக் காடுகளும், பர்மாவின் மலைகளும், அசாமின் காசி மலைகளும் இவ்வாறு சூறையாடப்பட்டன. மரத்தின் உச்சியிலுள்ள ஆர்க்கிடைப் பறிக்க மரத்தையே வெட்டி வீழ்த்தியவரும் இருந்தனர். கப்பலேறிய செடிகளுட் பல வழியிலேயே அழுகி மடிந்தன.

தோட்டக்காரர் சிலர் வித்தை விதைத்துப் பார்த்தனர். தூய மணலில் இட்டனர்; பாசியில் இட்டனர்; ஒன்றும் முளைக்கவில்லை. அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரத்துத் தாவரத் தோட்டத்தில் இருந்த டேவிட் மூர் என்பவர், வித்திலிருந்து ஆர்க்கிடுகளை வளர்த்த செய்தியை 1849-இல் வெளியிட்டார். அதன்பின், தாய்ச்செடி நிற்கும் தொட்டியிலேயே அதன் காலடியில் வித்தைத் தூவினால் ஒருகால் முளைக்கும் என்பது தோட்டக்காரர்க்குக் கைகண்ட முறையாயிற்று. ஏன் முளைக்கிறது என்பதை மட்டும் ஒருவரும் அறியார். பிள்ளை தாயருகில் இருந்தால் பிழைக்கும் என்று சொல்லிக்கொள்வதைத் தவிர வேறு விளக்கம் இருக்கவில்லை. உண்மையில் அங்கே பிள்ளையை வளர்த்தவள் தாய் அல்லள். தாயின் காலடி மண்ணில் வாழ்ந்த ஒரு செவிலி.

அச்செவிலியைக் கண்டறிந்தவர் நோயேல் பெர்னார் என்னும் பிரெஞ்சு இளைஞர். 1899-ஆம் ஆண்டில் அவர்க்கு வயது இருபத்தைந்து. கட்டாயப் படைப்பணியில் இருந்தார். பாரிசு நகருக்குத் தெற்கேயுள்ள பொந்தேன்புளோ காட்டில் ஒரு நாள் அவர் ஓர் ஆர்க்கிடைக் கண்டார். பறவைக்கூடு போலப் பின்னிய வேர்களையுடைய அவ்வினம் பசிய இலையற்றது. முந்திய ஆண்டின் பூந்தண்டு ஒன்று சாய்ந்து, சருகுகளின்கீழ்ப் புதைந்து கிடந்தது. அதன் காய்களுக்குள்ளேயே வித்துகள் முளைத்திருந்தன! யாரும் எளிதிற் காணாத காட்சி அது. முளைகளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அவையனைத்தினுள்ளும் ஒருவகைப் பூசணத்தின் மெல்லிழைகள் ஊடுருவியிருந்தன.

ஆர்க்கிடின் வேர்களிற் பூசணம் இருத்தலை அவர்க்கு முன்னரே சிலர் கண்டிருந்தனர். ஆயினும் பூசணம் புகுந்தால்தான் வித்து முளைக்கும் என்று துணிந்து கூறியவர் பெர்னாரே. பின்னர் அவர் அப்பூசணத்தைத் தனியே பிரித்து வளர்த்தார், வித்தொடு சேர்த்தார், வித்து முளைத்தது. பூசணம் சேராத வித்து முளைக்கவில்லை. பொதுவாகப் பூசணம் என்றால் அழிவு என்றே நாம் எண்ணுகிறோம். ஈண்டு நிகழ்வது விந்தையானது. மண்ணிலும் மக்கிய சருகிலும் உள்ள சத்தைத் திரட்டிக்கொண்டு பூசண இழைகள் கருவின் உயிரணுக்களுட் புகுந்து சுருண்டு கொள்கின்றன. கருவோ அச்சுருள்களைச் செரித்து உண்டு பருக்கின்றது. உண்ண வந்தது உணவாகிவிடுகின்றது. பூசணத்தின் கை மிகுந்தால் கரு மடியும். பூசணமே வாராதொழிந்தால் கரு பட்டினியால் மடியும். இவ்விரண்டு இடர்க்கும் தப்பித் தக்க பூசணத்தைத் தக்க இடத்தில் அடைந்த வித்தே செடியாகின்றது. டார்வினின் கணக்கில் எஞ்சிய வித்துகள் என்னவாயின என்பதற்கு இதுவே பெரும்பகுதி விடை. பெர்னார் 1911-இல், முப்பத்தாறாம் வயதில், என்புருக்கி நோயால் இறந்தார்.

பூசணம் கொடுப்பது யாது? அவ்வினாவைத் தொடுத்தவர் அமெரிக்க நாட்டுக் கார்னல் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயி நுட்சன். பூசணம், கருவினால் உண்ண இயலாத மாப்பொருள் முதலியவற்றைச் சிதைத்துச் சர்க்கரையாக்கி ஊட்டுகின்றதென்றால், அச்சர்க்கரையை நாமே கொடுத்துவிட்டால் என்ன என்று அவர் கருதினார். உப்புச்சத்துகள் சிலவற்றையும் சர்க்கரையையும் நீரிற் கரைத்து, அகர் என்னும் பொருளால் கூழாக இறுக்கி, அதன்மேல் வித்தைத் தூவினார். பூசணத்தின் துணை ஒருசிறிதுமின்றி வித்துகள் முளைத்தன. இதனை அவர் 1922-இல் ஆராய்ச்சி இதழொன்றில் விரிவாக எழுதினார். இவ்வாறு செயற்கையாய் முளைத்த செடி நிறைவளர்ச்சி பெறாது என ஐயுற்றார்க்கு, பூசணமின்றியே வளர்த்துப் பூக்கச் செய்த ஆர்க்கிடைப் பற்றிய கட்டுரையால் 1930-இல் விடை தந்தார். ஒரு கைப்பிடிச் சர்க்கரை, காடுகளைச் சூறையாடாமலே ஆர்க்கிடு வளர்க்கும் வழியைத் திறந்துவிட்டது.

அகர் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. மன்னார் வளைகுடாக் கரையில், இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் பாசிகளுள் இதற்கு உதவுவனவும் உள்ளன. கஞ்சிப்பாசி அவற்றுள் ஒன்று. இனிப்புப் பண்டம் செய்யக் கடைகளில் விற்கும் கடற்பாசியும் இவ்வகையினதே.

முறை கேட்பதற்கு எளிது. செய்வதற்கு அத்துணை எளிதன்று. சர்க்கரைக் கூழை விரும்புவது ஆர்க்கிடின் கரு மட்டுமோ? காற்றில் மிதக்கும் எண்ணற்ற பூசண வித்துகளும் பாக்டீரியாக்களும் அதனை விரும்பும். அவற்றுள் ஒன்று உட்புகுந்தாலும், கரு விழித்தெழுமுன் குடுவை முழுவதும் வெண்பஞ்சு படர்ந்துவிடும். ஆதலின் தூய்மையே இத்தொழிலின் உயிர்நாடி. கூழை ஊற்றிய குடுவைகளை அழுத்தக் கொதிகலத்தில் வைத்து, 121 பாகைச் செல்சியசு வெப்பத்தில் ஏறத்தாழ 20 நிமிடம் நீராவியால் வேகவைப்பர். இக்கலம் நம் அடுக்களையில் பருப்பு வேகவைக்கும் குக்கரின் தமையன் எனலாம். வித்திடும் மேடையில், நுண்ணிய வடிகட்டியின் வழியே வந்த தூய காற்று ஓயாது வீசிக்கொண்டிருக்கும். கையாளும் கத்தியும் குறடும் சுடரிற் காட்டப்பெறும்.

முற்றி உலர்ந்த வித்தாயின், சலவைத்தூள் போன்ற குளோரின் சேர்ந்த கரைசலிற் சிறிது நேரம் அலசி இடுவர். பசுங்காயாயின் வேறு வகை. காயின் வெளிப்புறத்தை நன்கு கழுவி, எரிசாராயத்தில் தோய்த்து, ஒரு கணம் சுடரில் எரியவிட்டுப் பின் அரிவர். மூடிய காயினுள் மாசு புகுவதில்லை. ஆதலின் உள்ளிருக்கும் வித்துகள் இயல்பாகவே தூயவை. அவற்றைச் சுரண்டிக் கூழின்மேற் பரப்பிக் குடுவையை மூடிவிடுவர். பின்னர்க் காத்திருத்தலே பணி. சில இனங்களுக்குச் சில வாரங்கள். சிலவற்றிற்குப் பல திங்கள். முதலில் வித்து சற்றே வீங்கும். பின்னர் உறையைக் கிழித்துக்கொண்டு, கடுகினும் சிறியதாய், பம்பரம் போன்ற ஓர் உருண்டை வெளிப்படும். இதனை முளைக்குமிழ் எனலாம். இது வேருமன்று, தண்டுமன்று, இலையுமன்று; இம்மூன்றும் இனிமேல் இதிலிருந்தே தோன்றவேண்டும். குமிழ்கள் நெருங்கியவழிப் புதிய குடுவைகளுக்கு மாற்றுவர். நாற்று நடுதல் போன்றதே இதுவும். வயல் மட்டும் கண்ணாடிக்குள் இருக்கின்றது.

குடுவையைவிட்டு வெளியேறும் நாள் இளஞ்செடிக்கு ஒரு சோதனை நாள். உள்ளே காற்று எப்பொழுதும் ஈரம் மிக்கது, நோயில்லை, உணவு காலடியில் உண்டு. அவ்வாறு வளர்ந்த இலையில் நீராவியைத் தடுக்கும் மெழுகுப்பூச்சு தடித்திராது. திடீரென வெளிக்காற்றில் வைத்தால் ஒரே பகலில் துவண்டுவிடும். ஆகவே வேரில் ஒட்டிய கூழை நீரால் முற்றும் அலசி, முதலில் மூடிய ஈரமான இடத்திலும், பின்னர்ச் சிறிது சிறிதாகத் திறந்த இடத்திலும் வைத்துப் பழக்குவர். கூழில் எஞ்சிய சர்க்கரை வேரில் நின்றுவிட்டால் பூசணங்கள் அதனைத் தேடி வந்து வேரையும் அழுகச் செய்யும். எந்தச் சர்க்கரை உயிர் கொடுத்ததோ அதனையே இங்குக் கழுவி எறிதல் வேண்டும்.

இம்முறை வணிகர்க்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தது. அழியும் நிலையிலுள்ள இனங்களைக் காக்க அது பயன்பட்ட வரலாறு பிற்காலத்தது. அவ்வரலாறுகளுள் இங்கிலாந்து நாட்டு மிதியடி ஆர்க்கிடின் வரலாறு குறிப்பிடத்தக்கது.

இம்மலரின் அடியிதழ் மஞ்சள் நிறமான ஒரு சிறு பாதக்குறடு போல உள்ளீடற்று உருண்டிருக்கும். ஏனைய இதழ்கள் செம்பழுப்பு நிறத்தனவாய்ச் சுற்றிலும் முறுக்கி நீண்டிருக்கும். அதனால் 'பெருமாட்டியின் மிதியடி' என அந்நாட்டார் பெயரிட்டனர். வட இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை நிலத்துக் காடுகளில் இது முற்காலத்தில் வளர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பார்க்கின்சன் என்னும் மூலிகை நூலார், தாமசின் டன்சுடால் என்னும் பெருமாட்டி இங்கிள்பரோ மலைக்கு அருகிலுள்ள காட்டிலிருந்து இதன் கிழங்குகளைத் தமக்குப் பலமுறை அனுப்பியதாக மகிழ்ந்து எழுதியுள்ளார். அவர் செய்தது அன்பின் செயலே. ஆயின் அத்தகைய அன்பே அம்மலர்க்கு எமனாயிற்று. அழகை விரும்பினோர் தோட்டத்திற்கென அகழ்ந்தனர். ஆராய்ச்சியை விரும்பினோர் உலர்த்தி ஏட்டில் ஒட்டுதற்கென அகழ்ந்தனர். எஞ்சியவற்றைக் காடழிப்பும் ஆட்டு மந்தைகளும் குறைத்தன. 1917-ஆம் ஆண்டில் இவ்வினம் அந்நாட்டில் அற்றுப்போயிற்று என அறிவிக்கப்பட்டது.

1930-ஆம் ஆண்டில் யார்க்குசயர்ப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஒரு செடி காணப்பட்டது. ஒரே ஒரு செடி! கண்டவர்கள் இம்முறை கிழங்கை அகழவில்லை, வாயையும் திறக்கவில்லை. அச்செடி நிற்கும் இடம் பல்லாண்டுகள் மிகச் சிலர்க்கே தெரிந்த மறைபொருளாய் இருந்தது. 1970-ஆம் ஆண்டு முதல் இயற்கை ஆர்வலரும் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையினரும் கூடிய ஒரு குழு அதனைக் காக்கும் பொறுப்பை ஏற்றது. பூக்கும் பருவத்திற் காவல் வைத்தனர். நத்தைகள் தளிரைத் தின்னாதபடி பார்த்துக்கொண்டனர். வண்டு வாராமையின் தாமே தூரிகை போன்ற சிறு கருவியால் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் சேர்த்தனர். காய் தோன்றியது, வித்தும் தோன்றியது. ஆயின் வித்தைத் தூவியதால் மட்டும் செடிகள் பெருகிவிடவில்லை.

1983-இல் இலண்டன் நகரின் கியூ அரசத் தாவரத் தோட்டம் ஆர்க்கிடுப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. மிதியடி ஆர்க்கிடு நுட்சனின் சர்க்கரைக் கூழுக்கு எளிதில் வசப்படும் இனம் அன்று. அதன் வித்து முற்றினால் உறை நீர்புகாவண்ணம் இறுகிவிடும், முளைப்பது அரிது. ஆதலின் காய் பசுமையாய் இருக்கும்பொழுதே, உறை இறுகுமுன், கொய்து வித்திட வேண்டும். சற்று முந்தினால் கரு உருவாகியிராது; சற்றுப் பிந்தினால் உறை இறுகிவிடும். நைட்ரசன் சத்தை வழக்கமான உப்புகளாகக் கொடுப்பதினும் அமினோ அமிலங்களாகக் கொடுத்தலே இதற்கு உகந்தது. முளைக்கும் காலத்தில் ஒளி ஆகாது, இருட்டில் வைக்கவேண்டும். முளைத்துக் குருத்துக் கட்டியபின், குளிர்காலம் வந்ததென அது நம்பும்படி சில திங்கள் குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டும். அல்லாக்கால் அக்குருத்து விழிக்காது. பனிநாட்டுச் செடியாதலின் பனியைக் கண்ட பின்னரே அதற்கு வேனில் புலப்படும் போலும்.

இத்தனை பக்குவங்களும் கைவந்தபின் வளர்ந்த இளஞ்செடிகள் 1989-இல் முதன்முறையாகக் காட்டில் நடப்பட்டன. பல மடிந்தன. மீண்டும் நட்டனர், மீண்டும் பல மடிந்தன. அவ்வாறு 1989-இல் நட்ட செடியொன்று 2000-ஆம் ஆண்டில் பூத்தது. பதினோர் ஆண்டுகள்! ஒரு மாணவன் ஆறாம் வகுப்பிற் சேர்ந்து பட்டமும் பெற்று வெளிவரும் காலத்திற்கும் மிகுதியானது அது. இன்று வட இங்கிலாந்தின் சில காப்பிடங்களில் இச்செடிகள் உள்ளன. பொதுமக்கள் சென்று காணுதற்குரிய இடங்களும் உண்டு. மற்ற இடங்கள் இன்னும் வெளியிடப்படவில்லை. திருடர் அச்சம் இன்றளவும் நீங்கியபாடில்லை.

ஈண்டு ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் நலம். மணவிழா மேடைகளில் இக்காலத்து மிகுதியாகக் காணப்படும் ஊதா நிற ஆர்க்கிடு மலர்கள் பெரும்பாலும் குருத்து வளர்ப்பு முறையால் பெருக்கப்பட்ட செடிகளில் பூப்பவை. அம்முறையில் வித்தே வேண்டுவதில்லை. ஒரு செடியின் குருத்து நுனியை மட்டும் அரிந்து கூழில் வளர்த்து, அதனின்று ஆயிரக்கணக்கான செடிகளை ஆக்குவர். பிரெஞ்சு அறிஞர் மொரேல் 1960-ஆம் ஆண்டில் இதனை ஆர்க்கிடுகளிற் காட்டினார். விளையும் செடிகள் ஒன்றையொன்று அச்சில் வார்த்தாற்போல் ஒத்திருக்கும். வணிகர்க்கு அது நன்று. காட்டில் வாழவேண்டிய இனத்திற்கு அது போதாது. எல்லாம் ஒரே தன்மையவாயின், ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். வித்திற் பிறந்த செடிகளோ ஒரே காயினவாயினும் ஒன்று போல் ஒன்று இரா. ஒன்று வறட்சியைத் தாங்கும், மற்றொன்று பனியைத் தாங்கும். ஆகவேதான் அழிநிலை இனங்களைக் காப்போர், முளைப்பித்தல் எத்துணைக் கடினமாயினும், இயன்றவரை வித்தையே நாடுகின்றனர். இங்கிலாந்தில் எஞ்சியது ஒரே செடியாதலின் அதன் மகரந்தத்தை அதற்கே இட்டால் வித்தின் வலிமை குன்றும். முற்காலத்தில் அந்நாட்டுக் காடுகளிலிருந்து அகழ்ந்து தோட்டங்களில் வைக்கப்பட்ட செடிகள் சில எஞ்சியிருந்தன. அவற்றைத் தேடிக் கண்டு, அவற்றோடு இச்செடியை மணம்புரிவித்தனர். அன்று அகழ்ந்தோர் செய்த தீங்கின் மிச்சம் இவ்வாறு ஒருவகையில் உதவியாயிற்று.

காட்டில் நட்டபின் நிகழ வேண்டுவனவற்றை ஆய்வுக்கூடம் செய்து தர இயலாது. மிதியடி மலரில் தேன் இல்லை. அதன் நிறமும் மணமும் கண்டு ஏமாந்த சிறு தேனீ ஒன்று மிதியடிக்குள் விழும். வழவழப்பான உட்சுவரில் ஏற இயலாமல், பின்புறத்துள்ள மயிர்ப்படியைப் பற்றி ஏறி, ஒடுங்கிய வழியால் வெளியேறும். அவ்வழியில் முதலில் சூல்முடியிலும் பின்னர் மகரந்தப் பையிலும் அதன் முதுகு உராயும். அடுத்த மலரிலும் ஏமாந்தால்தான் கருவுறுதல் நிகழும். அத்தேனீ வாழ வேறு மலர்களும், கூடு அமைக்க வெற்று மண்ணும் அருகில் வேண்டும். அவ்வாறு உண்டாகும் வித்து நிலத்தில் விழுந்தால் அங்கே சர்க்கரைக் கூழ் இல்லை. பெர்னார் கண்ட செவிலியே இருத்தல் வேண்டும். ஆதலாற்றான், வித்தை மட்டுமன்றி வேரிலிருந்து அதற்குரிய பூசணத்தையும் பிரித்தெடுத்துச் சேமித்து, அதனைக் கொண்டே வித்தை முளைக்கச் செய்யும் முறையும் பல நாடுகளில் கையாளப்படுகின்றது. நுட்சன் நீக்கிய பூசணத்தை இவர்கள் மீண்டும் அழைத்து வந்துள்ளனர்.

மிதியடி போன்ற மலரையுடைய ஆர்க்கிடு தென்னாட்டிலும் உண்டு. பொதியமலையைச் சார்ந்த அகத்தியமலைத் தொடரின் உயர்ந்த சரிவுகளில், புல்லிடையே பாறைப் பாங்கில் அது வளர்வது. பொன்னிறமான மலர், இதழ்களின் நடுவே பழுப்புக் கோடு ஓடும். உலகில் வேறெங்கும் அஃது இயல்பாய் வளர்வதில்லை. 1865-இல் அதனைக் கண்ட படைத்தலைவர் துரூரி என்பாரின் பெயரால், சென்னை மாகாணக் காட்டுத்துறை அதிகாரியாயிருந்த பெடோம் அதற்குப் பெயர் சூட்டினார். பெயர் பரவியது, பறிப்போரும் பெருகினர். அரிதான அச்செடி வணிகரால் அகழப்பட்டு இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றது. அழிநிலை உயிர்களின் வணிகத்தைத் தடுக்க 1973-இல் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் முதற் பட்டியலில் அதன் பேரினம் முழுவதும் இடம்பெற்றுள்ளது. ஆய்வுக்கூடத்தில் வித்திலிருந்து முறைப்படி வளர்க்கப்பட்டு, மூடிய குடுவையில் உள்ள நாற்றுகளுக்கு அவ்வுடன்படிக்கை விலக்கு அளிக்கின்றது. குடுவையில் வளர்ந்த செடி எளிதாய்க் கிடைத்தால் காட்டில் நிற்கும் செடியை யாரும் தேடிச் செல்லார் என்னும் எண்ணமே அதற்குக் காரணம்.

அகத்தியமலையின் மேற்கடியில், கேரளத்துப் பாலோடு என்னும் ஊரில் வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அந்நிலையத்தார் தென்னாட்டிற்குரிய அரிய ஆர்க்கிடுகள் சிலவற்றை ஆய்வுக்கூடத்தில் பெருக்கிக் காட்டிடங்களில் நிலைபெறச் செய்துள்ளனர். மஞ்சள் மலருடைய வாண்டா இனம் ஒன்று அவற்றுள் அடங்கும். இத்தொழிலுக்குத் தாய்ச்செடியை வேரொடு பெயர்க்க வேண்டுவதில்லை. கருவுற்ற ஒரு காய் போதும். அதனுள் ஆயிரம் வித்து உண்டு. காயை மட்டும் கொய்துகொண்டு திரும்பிவிட்டால், அடுத்த ஆண்டும் அச்செடி அங்கேயே நின்று பூக்கும்.